காணாப் பொருளைக் கண்ட வரலாறு: சந்திரசேகரும் கருந்துளைகளும்

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவை அடையும்பொழுது வறண்ட காற்றாகிவிடுகின்றது. ஆதலின் ஆவணி மாதத்தில் பதுளைப் பகுதியின் வானம் தெளிந்திருக்கும் இரவுகள் பல. அத்தகைய இரவொன்றில் ஒன்பது, பத்து மணியளவில் தெமோதரையின் தேயிலைச் சரிவொன்றில் நின்று தெற்கு நோக்குவோருக்கு, அடிவானிலிருந்து ஏறத்தாழ 54 பாகை உயரத்தில் தனு இராசியின் விண்மீன்கள் தென்படும். வடக்கே திரும்பினால், 62 பாகையளவு உயரத்தில் அன்னம் எனப்படும் விண்மீன் கூட்டத்தைக் காணலாம். தெற்கிலுள்ள அவ்விடத்தில் ஞாயிற்றைப் போல் நாற்பது இலட்சம் மடங்கு நிறையுடைய பொருளொன்று இருக்கின்றது. வடக்கிலுள்ள இடத்தில் ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ இருபத்தொரு மடங்கு நிறையுடைய பொருளொன்று இருக்கின்றது. இரண்டும் கண்ணுக்குப் புலனாவன அல்ல. எத்துணைப் பெரிய தொலைகாட்டியைக் கொண்டு நோக்கினும் அவற்றின் மேற்பரப்பிலிருந்து ஓர் ஒளிக்கதிரேனும் வந்து சேரப்போவதில்லை. இவையே கருந்துளைகள்.

ஒளியைத் தாராத பொருளொன்று உண்டென்பதை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான வினாக்களுள் ஒன்றாகும். அவ்வரலாற்றின் நடுவே தமிழ் இளைஞர் ஒருவரின் கணக்கும், அக்கணக்கைப் பேரறிஞர் ஒருவர் மறுத்துரைத்த நிகழ்ச்சியும் இடம்பெறுகின்றன. கருந்துளை பற்றிய அறிவு வளர்ந்த கதையை மட்டுமன்றி, புலமை பெற்றோரின் சொல்லுக்கும் சான்றுக்கும் இடையே எழும் முரண்பாட்டையும் அந்நிகழ்ச்சி விளக்குகின்றது.

இக்கருத்தின் தோற்றம் பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது. ஒரு பொருளின் ஈர்ப்பிலிருந்து விடுபட்டுச் செல்வதற்குக் குறித்ததொரு வேகம் வேண்டும். புவியின் மேற்பரப்பிலிருந்து விடுபட நொடிக்கு 11 கிலோமீற்றர் வேகமும், ஞாயிற்றின் மேற்பரப்பிலிருந்து விடுபட நொடிக்கு 618 கிலோமீற்றர் வேகமும் தேவை. ஒளியின் வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். விடுபடு வேகம் ஒளியின் வேகத்தையும் விஞ்சுமாயின் யாது நிகழும் என 1783இல் ஆங்கிலப் பாதிரியாரான ஜோன் மிச்செல் வினவினார். ஞாயிற்றின் அடர்த்தியும் அதனைப் போல் 500 மடங்கு விட்டமும் உடைய விண்மீனிலிருந்து ஒளி தப்பிச் செல்லாது என அவர் கணித்தார். அத்தகைய விண்மீனைக் காண இயலாதெனினும், அதனைச் சுற்றிவரும் ஒளியுள்ள விண்மீன் ஒன்று இருக்குமாயின் அதன் இயக்கத்தைக் கொண்டு மறைந்திருப்பதை அறியலாம் என்றும் அவர் எழுதினார். இரு நூற்றாண்டுகளின் பின்னர் வானியலாளர் கையாண்ட வழி இதுவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிரான்சியக் கணித அறிஞர் இலாப்பிளாசும் 1796இல் இதையொத்த கருத்தை வெளியிட்டார். ஆயின் ஒளி அலைவடிவானது என்னும் கொள்கை மேலோங்கியபொழுது இக்கருத்து கைவிடப்பட்டது.

1915இல் அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் பொதுச் சார்புக் கொள்கையை வெளியிட்டமை இவ்வினாவுக்குப் புத்துயிரளித்தது. அக்கொள்கையின்படி ஈர்ப்பு என்பது இரு பொருள்களுக்கிடையே நிகழும் இழுப்பு அன்று; நிறையுடைய பொருள் தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றது; ஒளியும் பிறவும் அவ்வளைவின் வழியே செல்கின்றன. தெமோதரைப் புகையிரதப் பாதையை இதற்கு ஒருவாறு ஒப்புமையாகக் கூறலாம். தெமோதரை நிலையத்தைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் வண்டி, மலையை வளைந்து சுற்றி இறங்கி, அந்நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. வண்டியை எவரும் பக்கவாட்டில் இழுப்பதில்லை. தண்டவாளம் வளைந்திருப்பதால் வண்டியும் வளைந்து செல்கின்றது. வெளி வளைந்திருக்குமிடத்து ஒளியும் அவ்வாறே செல்லும்.

ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளுக்கு முதலாவது செம்மையான தீர்வினைக் கண்டவர் ஜேர்மானிய வானியலாளர் கார்ல் சுவார்ஸ்சைல்ட் ஆவர். முதலாம் உலகப் போரிற் படைப்பணி ஆற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் அத்தீர்வைக் கண்டார். அது 1916இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். ஒவ்வொரு நிறைக்கும் ஓர் எல்லை ஆரை உண்டு என்பதும், அந்நிறை முழுவதும் அவ்வாரைக்குள் ஒடுங்குமாயின் ஒளியும் வெளியேறாது என்பதும் அத்தீர்விலிருந்து பெறப்படுகின்றன. ஞாயிற்றுக்கு அவ்வாரை ஏறத்தாழ 3 கிலோமீற்றர். புவிக்கு 9 மில்லிமீற்றர். ஏழு இலட்சம் கிலோமீற்றர் ஆரையுடைய ஞாயிறு மூன்று கிலோமீற்றராக ஒடுங்குதல் இயற்கையில் நிகழுமென அன்று எவரும் கருதவில்லை. அதனை ஒரு கணிதப் புதுமையாகவே கொண்டனர். விண்மீனின் ஒடுக்கத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எப்பொழுதும் உண்டா என்னும் வினாவுக்கு விடை காணப்படும் வரை இந்நிலை நீடித்தது.

அவ்விடையைத் தேடியவர்களுள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 ஒக்ரோபர் 19ஆம் திகதி இலாகூரிற் பிறந்த இவர், சேர் சி. வி. இராமனின் தமையன் மகனாவார். 1928இல் சென்னைக்கு வந்த ஜேர்மானிய அறிஞர் ஆணல்ட் சொமர்பெல்டைச் சந்தித்தபொழுது, தாம் கற்ற பழைய அணுக் கொள்கை மாறிவிட்டதென்பதைச் சந்திரசேகர் அறிந்துகொண்டார். புதிய குவாண்டம் கொள்கையைத் தாமே முயன்று கற்றார். 1930 யூலை 31ஆம் திகதி, பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தின்போது சில நூல்களையும் தாளையும் துணையாகக் கொண்டு அவர் செய்த கணக்கே பின்னர் அவர் பெயரால் வழங்கும் எல்லைக்கு அடிப்படையாயிற்று.

அக்கணக்கு வெண்குள்ளன் எனப்படும் விண்மீன்களைப் பற்றியது. இவற்றுள் ஒன்றான சிரியசு விண்மீனின் துணையும் முதலில் காணாப் பொருளாகவே அறியப்பட்டது. சிரியசு நேர்வழியிற் செல்லாது அலைந்து செல்வதைக் கண்ட பெசல் என்னும் வானியலாளர், அதற்குப் புலப்படாத துணை ஒன்று உண்டென 1844இல் கூறினார். 1862இல் அத்துணை தொலைகாட்டியிற் காணப்பட்டது. ஞாயிற்றை ஒத்த நிறையும் புவியை ஒத்த பருமனும் உடையது அது. எரிபொருள் தீர்ந்த அத்தகைய விண்மீன் மேலும் ஒடுங்காது நிற்பது எங்ஙனம்? ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் இருக்கமுடியாது என்னும் குவாண்டம் விதியினால், நெருக்கப்படும் இலத்திரன்கள் எதிர் அமுக்கத்தைத் தோற்றுவிக்கின்றன என்றும், அவ்வமுக்கமே விண்மீனைத் தாங்குகின்றது என்றும் 1926இல் கேம்பிறிட்ஜ் அறிஞர் ஆர். எச். பௌலர் விளக்கியிருந்தார்.

சந்திரசேகர் இவ்விளக்கத்திற் குறையொன்றைக் கண்டார். விண்மீனின் நிறை கூடக்கூட இலத்திரன்கள் மேலும் நெருக்கமடைந்து அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும். அந்நிலையிற் சார்புக் கொள்கையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொண்டால், நிறைக்கேற்ப அமுக்கம் போதியளவு உயர்வதில்லை. எனவே வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அது ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்று ஏற்கப்பட்ட அளவாகும். 1929, 1930ஆம் ஆண்டுகளில் அன்டர்சன், ஸ்ரோனர் ஆகிய இருவரும் தனித்தனியே இத்தகையதோர் எல்லையைச் சுட்டியிருந்தனர். ஆயினும் அதனை விண்மீனின் முழு அமைப்புக்கும் பொருத்தி, எல்லையைக் கடந்த விண்மீனின் கதி யாது என்னும் வினாவை வற்புறுத்தி எழுப்பிய பெருமை சந்திரசேகருக்கே உரியது.

1935 சனவரி 11ஆம் திகதி இலண்டனில் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. அவருக்குப் பின் பேசியவர் சேர் ஆதர் எடிங்ரன். 1919ஆம் ஆண்டு ஞாயிற்று மறைப்பின்போது ஐன்ஸ்ரைன் கொள்கையை மெய்ப்பிக்கும் அவதானிப்புகளை நடத்திப் புகழெய்தியவர். விண்மீன்களின் அகவமைப்புப் பற்றி அக்காலத்தில் முதன்மையாகக் கருதப்பட்ட நூலின் ஆசிரியர். சந்திரசேகரின் ஆய்வு வளர்ச்சியை அருகிருந்து கவனித்துவந்தவர். சந்திரசேகரின் கணக்கை ஏற்பின், பெருநிறை விண்மீன் ஒளியும் வெளியேற முடியாத அளவுக்கு ஒடுங்கிச் செல்லவேண்டியிருக்கும் என அவர் சரியாகவே உணர்ந்தார். ஆயின் அவ்வாறு நிகழ்வது அபத்தம் என்றும், அதனைத் தடுக்கும் இயற்கை விதியொன்று இருத்தல் வேண்டும் என்றும் கூறிக் கணக்கின் அடிப்படையையே மறுத்தார். அவையிலிருந்தோர் நகைத்தனர்.

இங்கு நோக்கற்பாலது யாதெனின், கருந்துளை என நாம் இன்று வழங்கும் பொருளை அந்த அவையில் தெளிவாகக் கண்டவர் எடிங்ரனே; கண்டதும் அதனை மறுத்தவரும் அவரே. நீல்ஸ் போர், பௌலி முதலிய பௌதிக அறிஞர் சந்திரசேகரின் கணக்கிற் பிழையில்லை எனத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். எனினும் வெளிப்படையாக எடிங்ரனை மறுத்துரைக்க முன்வரவில்லை. சந்திரசேகர் 1937இல் அமெரிக்காவுக்குச் சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பணியேற்றார். 1939இல் விண்மீன் அமைப்புப் பற்றிய நூலொன்றில் தம் ஆய்வுகளைத் தொகுத்து வைத்துவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார். எடிங்ரனிடம் அவர் பகைமை பாராட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

அவ்வாண்டிலேயே ஒப்பன்ஹைமரும் அவருடைய மாணவர் ஸ்நைடரும், பெருநிறை விண்மீன் தடையின்றி ஒடுங்கித் தன்னை வெளியுலகினின்றும் துண்டித்துக்கொள்ளும் எனக் காட்டினர். அக்கட்டுரை வெளிவந்த செப்ரெம்பர் முதலாம் நாளே இரண்டாம் உலகப் போர் தொடங்கிற்று. ஆய்வாளரின் கவனம் வேறு திசைகளிற் சென்றது. 1955இல் கல்கத்தா அறிஞர் அமல் குமார் இராய்சௌதுரி வெளியிட்ட சமன்பாடு, ஈர்ப்பு எவ்வாறு பாதைகளை ஒருமுகப்படுத்துகின்றது என்பதை விளக்கிற்று. அவ்வழியை விரித்து, ஒடுக்கம் தவிர்க்கவியலாதது என 1965இல் ரொஜர் பென்றோஸ் நிறுவினார். 1967இல் நியூத்திரன் விண்மீன்கள் கண்டறியப்பட்டன. வெண்குள்ளனினும் மிகச் சிறிதாக விண்மீன் ஒடுங்குமென்பதற்கு அவை கண்கூடான சான்றாயின. நியூத்திரன் விண்மீனுக்கும் ஞாயிற்றைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு என்னும் அளவில் நிறையெல்லை உண்டு. அதனையும் கடந்த நிறைக்குக் கருந்துளை தவிர்ந்த வேறு கதி அறியப்படவில்லை.

இனிக் கண்டறிந்த வழிகளை நோக்குவோம். முதலாவது வழி துணை விண்மீனின் இயக்கம். அன்னம் கூட்டத்தில் எக்ஸ் கதிர்களை வீசும் இடமொன்று 1964இல் உந்துகணைச் சோதனையொன்றின் மூலம் அறியப்பட்டது. 1970இல் கென்யாக் கரையோரத்திலிருந்து ஏவப்பட்ட உகுறு என்னும் செய்மதி அதனை நுணுகி ஆராய்ந்தது. அவ்விடத்திலுள்ள நீல விண்மீனொன்று 5.6 நாளுக்கொரு முறை புலப்படாத துணையொன்றைச் சுற்றுவதை, 1971, 1972ஆம் ஆண்டுகளில் வெப்ஸ்ரர், மேடின் ஆகியோரும், தனித்து ஆராய்ந்த போல்ரனும் கண்டனர். அத்துணையின் நிறை நியூத்திரன் விண்மீனுக்குரிய எல்லையைக் கடந்ததாயிருந்தது. நீல விண்மீனிலிருந்து கவரப்படும் வாயு உள்ளே விழுமுன் சுழன்று கொதிப்பதனாலேயே எக்ஸ் கதிர் தோன்றுகின்றது. கருந்துளை ஒளிராதெனினும் அதன் வாயிலில் நிற்பவை ஒளிர்கின்றன. தனு இராசித் திசையிலுள்ள நம் பால்வீதியின் மையத்திலும் இவ்வழியே பயன்பட்டது. அங்கு ஒரு விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெற்றிடம் போல் தோன்றும் புள்ளியொன்றைச் சுற்றிவருவதைக் கென்செல், அந்திரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் பல்லாண்டு அவதானித்து நிறுவின. இவ்விருவரும் பென்றோசும் 2020இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரண்டாவது வழி ஈர்ப்பலை. கலக்கமுற்ற கருந்துளை, அடித்த மணி போல் அதிர்ந்து அடங்கும் என 1970இல் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேசுவரா கணித்தார். 2015 செப்ரெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவின் லைகோ கருவிகள் இரண்டும், ஞாயிற்றைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுடைய இரு கருந்துளைகள் ஒன்றாகியபொழுது எழுந்த அலையைப் பதிவுசெய்தன. அப்பதிவின் இறுதிப் பகுதி அக்கணிப்புக்கு இசைந்திருந்தது. மூன்றாவது வழி நிழலைப் படமாக்குதல். கருந்துளையின் அண்மையில் ஒளி, தெமோதரை வண்டியைப் போல, சுற்றி வளைந்தே வெளியேறுகின்றது. ஆதலின் இருண்ட வட்டமொன்றைச் சூழ்ந்து ஒளிவளையம் தோன்றும். உலகின் பல பாகங்களிலுள்ள வானொலித் தொலைகாட்டிகளை ஒன்றிணைத்து, எம்-87 அண்டத்தின் மையத்துக் கருந்துளையின் படம் 2019இலும், நம் பால்வீதி மையத்தின் படம் 2022இலும் வெளியிடப்பட்டன.

சந்திரசேகர் 1983இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வாண்டிலேயே கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய அவரது பெருநூலும் வெளிவந்தது. நெடுங்காலம் விலகியிருந்த வாயிலுக்கு அவர் முதுமையில் மீண்டு வந்தார் எனலாம். 1995இல் அவர் மறைந்தார். 1999இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி சந்திரா என அவர் பெயரைத் தாங்கியது.

இவ்வரலாறு பல்கலைக்கழகத்தில் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் உணர்த்துவதொன்றுண்டு. எடிங்ரன் அறியாமையினாற் பிழைபடவில்லை. இயற்கை இவ்வாறுதான் நடந்துகொள்ளவேண்டும் என்னும் தம் விருப்பத்தைச் சான்றுக்கு மேலாக வைத்தமையாற் பிழைபட்டார். அவரினும் கூடிய பொறுப்பு, கணக்குச் சரியென அறிந்தும் வாளாவிருந்தோரைச் சாரும். இளைஞர் ஒருவரின் கணக்கு சரியென்று கூறுவதற்குத் தொலைகாட்டி எதுவும் அன்று தேவைப்படவில்லை. அவையில் எழுந்து நிற்கும் துணிவு மட்டுமே தேவைப்பட்டது. தெமோதரைச் சரிவில் நின்று ஆவணி இரவில் வானை நோக்கும் மாணவன் அங்கு கருந்துளையைக் காணப்போவதில்லை. ஆயினும் அது அங்குள்ளதென அவன் இன்று அறிவான். அவ்வறிவு எவருடைய சொல்லாலும் நிலைபெற்றதன்று, சான்றினால் நிலைபெற்றது.