ஒரே ஒரு பார்வையாளருக்காகக் கட்டப்பட்ட அரங்கு: பாலக்காட்டுக் கூத்துமாடமும் அதனுள் வாழும் தமிழும்

வீட்டுக்குள் தனித் திரையரங்கு அமைத்துத் தரும் வடிவமைப்பாளர், முதன்மை இருக்கை எங்கே அமையும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறார். அங்கே அமர்பவரின் கண்ணுக்குத் திரை ஏறத்தாழ 30 முதல் 40 பாகைக் கோணத்தில் விரிய வேண்டும்; ஒலிபெருக்கிகள் அவர் செவியை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்; வெளி வெளிச்சம் உள்ளே புகக் கூடாது. பொதுத் திரையரங்கு பல நூறு பேரின் பார்வைக்கு ஈடுகொடுக்க வேண்டியது. வீட்டுத் திரையரங்கோ ஓர் இருக்கையிலிருந்து தன் அளவுகள் அனைத்தையும் பெறுகிறது. இதனை அண்மைக்கால நுகர்வுப் பண்பாட்டின் விளைவாக மட்டுமே நாம் கருதிவருகிறோம். ஆனால், ஒரே பார்வையாளரை முன்னிறுத்தி எழுப்பிய திரை அரங்குகள் பாரதப்புழைக் கரையூர்களில் பல தலைமுறைகளாக நிற்கின்றன. அவற்றுக்குக் கூத்துமாடம் என்று பெயர்.

பாலக்காட்டிலும் அதனை அடுத்த திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களிலும் உள்ள பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக்கூத்துக்காகவே கட்டப்பட்ட நிலையான கட்டடம் இது. தமிழகத்துத் தோல்பாவைக் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்து ஆடியவர்கள். இங்கோ அரங்கு ஓரிடத்தில் நிற்க, புலவர் எனப்படும் கலைஞர்கள் அதனைத் தேடி வருகிறார்கள். ஷொர்ணூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவில் உள்ள மாடம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 42 அடி நீளம் என்பது மரபாகச் சொல்லப்படும் அளவு. முன்புறத்தில் மேலே வெள்ளைத் துணியும் கீழே கறுப்புத் துணியுமாகத் திரை கட்டப்படும். திரைக்குப் பின்னே, நீளவாக்கில், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட 21 விளக்குகள் வரிசையாக எரியும். விளக்குக்கும் திரைக்கும் இடையில் தோற்பாவைகள் அசையும். ஒளி பின்னாலிருந்து வருகிறது. பார்ப்பவர் முன்னால் இருக்கிறார். பாவைகளை முன்பு மான் தோலில் செய்தனர். இன்று ஆட்டுத்தோலும் பயன்படுகிறது.

இந்த அரங்கின் முதன்மை இருக்கை யாருடையது? விடை மரபுக்கதையில் இருக்கிறது. இராமன் இராவணனை வென்ற காலத்தில் பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இலங்கைப் போரை அவளால் காண முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஆண்டுதோறும் அவள் முன்னிலையில் கூத்து நடத்தப்படுகிறது. இதனால் மாடம் பொதுவாகச் சன்னிதியை நோக்கியே கட்டப்படுகிறது. திரையின் ஒளிக்கான நெருப்பும் கோயில் விளக்கிலிருந்தே வருகிறது. மக்கள் இடையில் அமர்ந்து பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். எவரும் வராத இரவிலும் கூத்து நிற்பதில்லை. ஏனெனில் பார்க்க வேண்டியவள் ஏற்கெனவே தன் இடத்தில் இருக்கிறாள்.

கூத்துமாடத்தைக் கூத்தம்பலத்தோடு ஒப்பிட்டால் அதன் சமூக வரலாறு தெளிவாகும். கூடியாட்டம் நிகழும் கூத்தம்பலம் கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பது. உள்ளே நுழையும் உரிமை பெற்றவர்களே அதனைக் காண முடிந்தது. கூத்துமாடமோ மதிலுக்கு வெளியே, திறந்த வெளியைப் பார்த்து நிற்கிறது. பாலக்காடு அடங்கிய மலபார் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. அம்மாகாணத்தில் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு முற்பட்ட காலத்தில், மதிலுக்கு வெளியே ஒரு திரை இருந்தது என்பதற்குக் கட்டடக்கலையைக் கடந்த பொருள் உண்டு.

மொழியியல் மாணவராக என்னை ஈர்ப்பது இந்தக் கட்டடம் பேச்சின்மீது ஏற்படுத்தும் விளைவு. திரைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் புலவருக்கு வெளியே யார் இருக்கிறார் என்பது தெரியாது. சிரிப்போ கைதட்டலோ வந்து அவர் உரையைத் திருத்துவதில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட கூத்துமாட ஆய்வு நூல் இதனை நுட்பமாக விளக்குகிறது: வெளிப் பார்வையாளர் இல்லாத நிலையில், புலவர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளராகிறார்கள். ஒருவர் கம்பரின் பாடலைச் சொல்ல, அதன் பொருளை விரித்து, வினா எழுப்பி, விடை கூறி, புராணமும் இலக்கணமும் மருத்துவமும் தருக்கமும் கலந்து உரை வளர்கிறது. கேட்பவர் சலித்துவிடுவாரோ என்ற அச்சம் இல்லாத அறையில்தான் ஒரு பாடலின் உரை அவ்வளவு நேரம் நீள முடியும். 7, 14, 21 என்று தொடங்கி 71 இரவுகள்வரை நீளும் கால அளவும் அதற்கு இடம் தருகிறது.

பாடல் தமிழ், உரையோ தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்தது. கவனிக்க வேண்டியது, வீட்டில் மலையாளம் பேசுவோரும் கம்பரை மனனம் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவந்துள்ளனர் என்பதே. 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புக்குப் பின் கேரளத் தமிழைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் எல்லைப் பூசலையும் சிறுபான்மை உரிமையையும் சுற்றியே அமைந்துள்ளது: இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை. அந்தப் பேச்சு தேவையானது. ஆயினும் அதில் தமிழ் என்பது தமிழரின் தாய்மொழி என்ற ஒற்றை நிலையிலேயே வருகிறது. கூத்துமாடம் இன்னொரு நிலையைக் காட்டுகிறது. இங்கே தமிழ், மலையாள நாட்டின் வழிபாட்டு மொழிகளுள் ஒன்று; மலையாளிகளும் சேர்ந்து காத்த புலமை மொழி.

இன்று கூத்து மாடத்தை விட்டு வெளியேயும் செல்கிறது. கலையரங்குகளிலும் விழாக்களிலும் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக நடக்கிறது. காந்தியின் வாழ்க்கையும் பாவைகளாகியுள்ளது. இராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கலைஞர்களின் வாழ்வுக்கு இந்த மாற்றம் தேவை. இதனைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. ஆனால் அரங்கு மாறும்போது எது முதலில் உதிர்கிறது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். பாவை தங்குகிறது, விளக்கு தங்குகிறது, போர்க்காட்சியும் தங்குகிறது. உரை உதிர்கிறது. இருக்கையில் மனிதர் அமர்ந்துவிட்டார். அவருக்கு நேரமில்லை, தமிழ்ப் பாடலின் விரிவுரையும் அவருக்கு எட்டுவதில்லை.

ஆகவே இத்துறையில் நுழையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடக்கலை மாணவர்கள் மாடத்தை அளக்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் பாவைகளைப் படம் பிடிக்கிறார்கள். நாமோ பாடலை மட்டும் பதிவுசெய்து, பாடவேறுபாட்டைக் கம்பர் பதிப்புகளோடு ஒப்பிடுகிறோம். இவற்றைத் தனித்தனியே செய்தால், அந்த உரை ஏன் அவ்வாறு அமைந்தது என்பது எவருக்கும் புலப்படாது. விளக்கு வரிசையின் நீளம், புலவர்கள் அமரும் இடம், பாடலைத் தொடங்குபவருக்கும் மறுமொழி கூறுபவருக்கும் இடையிலான தூரம், இரவின் எந்தப் பொழுதில் உரை மலையாளத்திற்குச் சாய்கிறது என்பன ஒரே குறிப்பேட்டில் ஏற வேண்டும். கூத்துக்காலம் சனவரி முதல் மே வரை. அடுத்த பருவத்தில் ஓர் இரவேனும் திரைக்கு முன்னாலும், புலவர்கள் இசைந்தால் ஓர் இரவு திரைக்குப் பின்னாலும் விடியும்வரை இருந்து கேளுங்கள்.