அரசனில்லாத தீவு: மோர்த்தொட்டியில் ஒரு தலைவன்

சட்டமுரைப்போன் ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காகச் சட்டம் முழுவதையும் சபையில் ஓதிவந்த முறையையும், சேவகனோ சிறைச்சாலையோ இல்லாத அந்த ஐஸ்லாந்தில் வழக்கில் வென்றவனே தனக்குக் கிடைத்த தீர்ப்பைத் தன் பந்துமித்திரர் பலத்தால் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்த விசித்திரத்தையும் சென்ற வாரங்களில் கண்டோம். 930-இல் ஆல்திங் சபை கூடியது தொட்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாடு நடந்தது. ஆகவே, அரசனின்றி ஒரு சமுதாயம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, நடந்தது என்றே சொல்லலாம். 1262-இல் அது நார்வே மன்னனுக்குக் கீழ்ப்படிந்த கதையை இவ்வாரம் கூறுவதாக இருந்தது. அக்கதையின் வாசலில் கிஸ்ஸூர் தோர்வால்ட்ஸன் என்னும் தலைவன் நிற்கிறான். அவனைக் கடந்து உள்ளே போவது எளிதன்று.

கோதி எனப்பட்ட தலைவனின் பதவி, விற்கவும் வாங்கவும் பங்கிடவும் கூடிய சொத்து. பிடிக்காத கோதியை விட்டு வேறொருவனை அண்டும் சுதந்திரம் குடியானவனுக்கு இருந்தது. சொத்தென்றால் அது சிலர் கையில் சேரவும் செய்யுமல்லவா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெரும்பாலான பதவிகள் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தபின், குடியானவன் அண்டுவதற்கு வேறு கோதி இல்லாது போயிற்று. அரசனில்லாமையால் அந்நாடு கெட்டதென்பாருண்டு. சிற்றரசர்கள் முளைத்ததால் கெட்டதென்பது என் அபிப்பிராயம்.

கிஸ்ஸூர் அத்தகைய சிற்றரசன். 1238-இல் ஓர்லிக்ஸ்டாதிர் போர்க்களத்தில், அக்குடும்பங்களுள் ஒன்றான ஸ்டுர்லுங் குலத்தாரை வீழ்த்தியவர்களில் ஒருவன். 1241-இல், ஒரு காலத்தில் தனக்கு மாமனாராயிருந்த மகாகவி ஸ்னோர்ரி ஸ்டுர்லுஸனை, ரெய்க்ஹோல்ட் வீட்டு நிலவறையில் தன் ஆட்களைக்கொண்டு வெட்டுவித்தவன். அதற்கு நார்வே மன்னன் ஹாக்கோனின் ஓலை கையில் இருந்ததாம். ஓலை இருந்தாலென்ன, கவியைக் கொன்றவனை நான் மன்னிப்பதாயில்லை.

ஆயினும் 1253-ஆம் ஆண்டு அக்டோபர் இரவை எண்ணும்போது அவனைப் பூரணமாக வெறுக்கவும் முடியவில்லை. பகையைத் தீர்த்துவைக்க மேலதிகாரம் எதுவுமில்லாத நாட்டில் விவாகமே சமாதான உடன்படிக்கை. கிஸ்ஸூரின் மகன் ஹால், ஸ்டுர்லுங் குலத்துச் சரித்திராசிரியனான ஸ்டுர்லா தோர்தர்சனின் மகள் இங்கிபியோர்க்கை மணந்தான். மணப்பெண்ணுக்கு வயது 13. விருந்து முடிந்து பெண்ணின் தகப்பன் ஊர் திரும்பிவிட்ட பிறகு, சமாதானத்தை ஏற்காத எயோல்ஃப் என்பவன் ஆட்களுடன் வந்து, கிஸ்ஸூரின் ஃப்ளூகுமீரி வீட்டை வளைத்துத் தீயிட்டான்.

கிஸ்ஸூரின் மனைவியும் மூன்று புதல்வர்களும் அன்று மாண்டனர், மணப்பெண் பிழைத்தாள். கிஸ்ஸூரோ உக்கிராண அறைக்குள் நுழைந்து, புளித்த மோர்த்தெளிவு நிரம்பிய பெருந்தொட்டியில் மார்பளவு அமிழ்ந்திருந்தான். வடதேசத்து அக்டோபர் குளிர். தொட்டி நீர் அலைபாயும்படி உடல் நடுங்கிற்று. பகைவர்கள் உள்ளே வந்து ஈட்டிகளால் தொட்டியைக் குத்தித் துழாவியபோது, கைகளிலும் கால்களிலும் முனைகள் கீறிச் சென்றும், நடுக்கம் அறவே நின்றுவிட்டதாம். அவர்கள் வெளியே போனதும் பிழைத்தான். இவ்வளவையும் எழுதிவைத்தவன் மணப்பெண்ணின் தகப்பனான அந்த ஸ்டுர்லாவே. தன் சிற்றப்பனான ஸ்னோர்ரியைக் கொல்வித்தவனின் தைரியத்தை அவன் குறைத்தெழுதவில்லை. பட்சபாதமின்றி எழுதுவதற்கு இதைவிடக் கடினமான சந்தர்ப்பம் ஒரு சரித்திராசிரியனுக்கு வாய்ப்பது அரிது.

தீயிட்டவர்களில் அகப்பட்டவர்களைக் கிஸ்ஸூர் தேடித்தேடிக் கொன்றான். பழிவாங்குவது சட்டத்துக்கே அன்னியமாகாத நாட்டில் அது யாருக்கும் ஆச்சரியமாயிருந்திராது. ஆச்சரியம் அதற்கடுத்தது: 1254-இல் அவன் நார்வேக்குக் கப்பலேறி ஹாக்கோன் மன்னனை அடைந்தான். 1258-இல் யார்ல் என்னும் பிரபுப் பட்டத்துடன் திரும்பினான். அப்பட்டத்துக்கு ஈடாக மன்னன் எதிர்பார்த்த காரியமும், 1262-ஆம் ஆண்டின் ஆல்திங்கும் அடுத்த வாரம்.