ஒமாஹா மாத்திரையும் 69 சதவீதமும்

ஏ.டி.எச்.டி., அதாவது பிள்ளைகளிடம் வரும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு. அதன் அமெரிக்க வரலாற்றை எங்கே தோண்டினாலும் 1970-ல் கொண்டுபோய் விடுகிறது. அந்த வருஷம் ஜூன் 29 அன்று ராபர்ட் மேனார்ட் என்ற கறுப்பின நிருபர் வாஷிங்டன் போஸ்டில் ஒரு செய்தி எழுதினார். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் 62,000 பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, நடத்தையை அடக்க ரிட்டலின் போன்ற மாத்திரைகள் கொடுக்கிறார்களாம். கணக்கு தப்பு, மொத்தப் பிள்ளைகளுக்கும் அந்தச் சதவீதம் பொருந்தாது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு விசாரணையே நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளை மாத்திரை கொடுத்து அடக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் மட்டும் தங்கிவிட்டது.

வெறும் வதந்தி என்று அதைத் தள்ள முடியாது. அதே காலத்தில் கலிபோர்னியாவின் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தவர் சுமார் 9 சதவீதம்தான். மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளிலோ 27 சதவீதம். எல்லாம் ஐ.க்யூ. பரீட்சை செய்த வேலை. 1971-ல் வழக்குப் போட்டார்கள். லாரி பி. வழக்கு என்று தேடிப் பாருங்கள். ஜெயிக்க 1979 ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் ஒட்டுகிற லேபிளை அந்தப் பெற்றோர் எப்படி நம்புவார்கள்?

இப்போது 2013-க்கு வருவோம். பால் மோர்கன் குழுவின் கட்டுரை, பீடியாட்ரிக்ஸ் இதழில். 17,000 பிள்ளைகளைக் கிண்டர்கார்டனிலிருந்து எட்டாம் வகுப்புவரை பின்தொடர்ந்த தரவு. நடத்தை, படிப்பு, குடும்ப வசதி எல்லாம் ஒத்துப்போனாலும், வெள்ளையர் வீட்டுப் பிள்ளையைவிடக் கறுப்பினப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்படும் 'ஆட்ஸ்' 69 சதவீதம் குறைவு. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு 50 சதவீதம் குறைவு. (ஆட்ஸ் வேறு, நூற்றுக்கு இத்தனை பேர் என்பது வேறு. குழப்பிக்க வேண்டாம்.) கண்டறியப்பட்டவர்களிலும் மாத்திரை எடுப்பது குறைவுதான். 1970-ன் பயத்துக்கு நேர் எதிர்!

இந்தக் கோளாறுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பும் கேள்வித்தாள், அப்புறம் டாக்டரின் கணிப்பு. எங்கள் பாஷையில் சொன்னால், மனுஷக் கண்தான் சென்சார். வகுப்பில் எழுந்து ஓடுகிற ஒரு பையன் 'பாவம், ஏதோ பிரச்சினை'. அதே ஓட்டம் ஓடுகிற இன்னொருவன் 'திமிர் பிடித்தவன்'. பெற்றோர் தயங்கினார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பழியை அவர்கள் தலையிலேயே கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

ஏனென்றால் 1991-க்குப் பிறகு லேபிளின் அர்த்தமே மாறிவிட்டது. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளும் சிறப்புக் கல்விச் சட்டத்துக்குள் வரலாம் என்று அந்த வருஷம் மத்தியக் கல்வித்துறை தெளிவுபடுத்தியது. 1997 திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது: இந்தச் சட்டத்துக்குள் வந்த பிள்ளையை 10 நாளுக்கு மேல் வெளியே அனுப்புவதென்றால், அந்த நடத்தைக்குக் கோளாறுதான் காரணமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். லேபிள் கிடைக்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்தக் கவசம் இல்லை. 2011-12 அரசுக் கணக்குப்படி, கிண்டர்கார்டனுக்கும் முந்தைய மழலையர் வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் 18 சதவீதம். அங்கே ஒரு தடவைக்கு மேல் சஸ்பெண்ட் ஆனவர்களில் 48 சதவீதம்.