பதினொன்று பதினைந்தான கதை

2024 பெப்ரவரி 21ஆம் திகதி. வரலாற்று ஆசிரியர் லீவு என்பதால், பதினோராம் தரத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அதிபர் என்னை அனுப்பியிருந்தார். நான் தமிழ் படிப்பிக்கிறவன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பிரதான உறுப்புகளைப் பெயரிடுக என்றொரு வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி நின்றான்.

"சேர், இப்படி ஒரு சபை இருந்து என்ன பிரயோசனம்?"

முந்தின இரவுச் செய்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. காஸாவில் உடனடிப் போர்நிறுத்தம் வேண்டி அல்ஜீரியா பாதுகாப்புச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தது. 13 நாடுகள் ஆதரித்தன. பிரித்தானியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. எதிராக உயர்ந்தது ஐக்கிய அமெரிக்காவின் ஒரு கைதான். அந்த ஒரு கையோடு தீர்மானம் முடிந்துபோயிற்று.

"பரீட்சைக்கு வாறதை எழுது மகன்" என்று சொல்லி அவனை உட்காரவைத்தேன். அவன் உட்கார்ந்தான். எனக்குத்தான் மனம் சரியில்லை. கேட்ட பிள்ளைக்குப் பதில் தெரியாமல் பரீட்சையைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இந்தச் சபை எப்போதாவது மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் யார் மாற்றினார்கள் என்று தேடினேன். அந்தத் தேடலின் தொடக்கத்தில் நின்றது எங்கட நாடுதான். சபைக்குள்ளே அல்ல, வாசலுக்கு வெளியே.

இலங்கை 1948 பெப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தது. ஓகஸ்ட் மாதம் பாதுகாப்புச் சபையில் அந்த விண்ணப்பத்தை சோவியத் யூனியன் வீட்டோ செய்தது. 1949இல் மறுபடியும் கேட்டோம், மறுபடியும் வீட்டோ. இலங்கை உண்மையிலேயே சுதந்திர நாடுதானா என்று சோவியத் தரப்பு கேட்டது. பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை இருந்ததும், திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் இருந்ததும் உண்மைதான். ஆனால் 1945இல் பிரித்தானிய ஆட்சியின் கீழேயே இருந்த இந்தியா, அந்த நிலையிலேயே சாசனத்தில் கையெழுத்திட்டு ஸ்தாபக உறுப்பினரானது. ஆளப்பட்டுக்கொண்டிருந்த நாட்டுக்குக் கதவு திறந்தது. சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு அது மூடப்பட்டது. ஆகவே தகுதி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

உண்மையான காரணம் பேரம். அல்பேனியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா போன்ற நாடுகளை மேற்கு நாடுகள் உள்ளே விடவில்லை. அதற்குப் பதிலாக மேற்கின் நண்பர்கள் என்று கருதப்பட்டவர்களை சோவியத் யூனியன் தடுத்தது. ஒரு நாட்டின் விண்ணப்பத்துக்கு வாக்களிப்பதை மற்ற நாடுகளையும் சேர்த்தால்தான் என்ற நிபந்தனையோடு கட்டிப்போடக் கூடாது என 1948 மே மாதம் சர்வதேச நீதிமன்றம் அபிப்பிராயம் சொன்னது. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏழு வருடம் கதவு அசையவில்லை.

அதை அசைத்ததில் ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்குப் பங்குண்டு. 1954இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்த ஐந்தும் சேர்ந்து இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 நாடுகளின் மாநாட்டைக் கூட்டின. இலங்கைக்காகச் சென்றவர் சேர் ஜோன் கொத்தலாவல. ஐ.நா.வில் இடமில்லாத ஒரு நாடு, 29 நாடுகளை அழைத்த வீட்டுக்காரர்களில் ஒன்றாக இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். கம்போடியா, இலங்கை, ஜப்பான், ஜோர்தான், லிபியா, நேபாளம், ஒன்றுபட்ட வியட்நாம் ஆகியவற்றை ஐ.நா. சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பாண்டுங் அறிக்கை பெயர் சொல்லிக் கேட்டது.

அந்த ஆண்டு டிசம்பரில் 18 நாடுகளை ஒரே கட்டாகச் சேர்ப்பது என்ற யோசனை வந்தது. 13ஆம் திகதி மொங்கோலியாவைச் சீனாவின் பெயரால் அமர்ந்திருந்த தாய்வான் அரசு வீட்டோ செய்தது. அதோடு முழுக் கட்டும் அவிழ்ந்தது. மறுநாள் மொங்கோலியாவையும் ஜப்பானையும் விட்டுவிட்டு மீதி 16 நாடுகளைச் சேர்த்தார்கள். 1955 டிசம்பர் 14ஆம் திகதி இலங்கை உள்ளே போனது இப்படித்தான். ஜோர்தானும் லிபியாவும் அதே நாளில் நுழைந்தன.

அதே காலத்தில் இன்னொரு விடயமும் நடந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை. 1945இல் வீட்டோவைச் சிறிய நாடுகள் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்ளவில்லை. அவற்றைச் சமாதானப்படுத்த 109ஆம் உறுப்புரையில் ஒரு வாக்குறுதி எழுதப்பட்டது. சாசனத்தை மீளாய்வு செய்யும் மாநாடு பத்து வருடத்துக்குள் கூடாவிட்டால், பொதுச் சபையின் பத்தாவது ஆண்டுக் கூட்டத்தில் அந்த யோசனை நிகழ்ச்சிநிரலில் வர வேண்டும் என்பதே அது. 1955இல் அது வந்தது. பொருத்தமான நேரத்தில் மாநாட்டைக் கூட்டுவோம் என்று பொதுச் சபை நவம்பரில் கொள்கையளவில் தீர்மானித்தது. அந்தப் பொருத்தமான நேரம் இன்றுவரை வரவில்லை.

உள்ளே போன இலங்கை 1960, 1961 ஆகிய இரு வருடங்கள் பாதுகாப்புச் சபையில் அமர்ந்தது. அதுவரை சபையில் 11 ஆசனங்கள்தான். ஐந்து நிரந்தரம். மீதி ஆறை எப்படிப் பங்கிடுவது என்று 1946இல் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். லத்தீன் அமெரிக்காவுக்கு இரண்டு, மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா, மத்திய கிழக்கு, பொதுநலவாயம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஆசியாவுக்கென்றோ ஆபிரிக்காவுக்கென்றோ ஆசனமே இல்லை. கனடா எழும்பிய பொதுநலவாய ஆசனத்தில்தான் இலங்கை உட்கார்ந்தது. அதாவது ஆசிய நாடு என்பதற்காக அல்ல, பிரித்தானியா ஆண்ட நாடு என்பதற்காக அந்த இடம் எமக்குக் கிடைத்தது.

ஆனாலும் கிடைத்த இடத்தை வீணாக்கவில்லை. 1960 ஜூலையில் கொங்கோ நெருக்கடி வெடித்தது. பெல்ஜியப் படைகள் விரைவாக வெளியேற வேண்டும் என்ற ஜூலை 22ஆம் திகதித் தீர்மானத்தையும், ஓகஸ்ட் 9ஆம் திகதித் தீர்மானத்தையும் முன்வைத்தவை இலங்கையும் தூனிசியாவும். இலங்கையின் பிரதிநிதியாக இருந்தவர் சேர் குளோட் கொரயா. பிரதமர் லுமும்பா கொல்லப்பட்ட செய்தி வெளியான பின், 1961 பெப்ரவரி 21இல் நிறைவேறிய தீர்மானத்தை இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய மூன்றும் கொண்டுவந்தன. உள்நாட்டு யுத்தத்தைத் தடுக்கக் கடைசி வழியாக ஐ.நா. படை பலம் பிரயோகிக்கலாம் என்று அனுமதித்த தீர்மானம் அது. சிறிய நாடுகளுக்குப் பொறுப்பு தெரியாது என்று சொன்னவர்களுக்கு இது ஒரு பதிலாக இருந்திருக்கும்.

1960இல் மட்டும் 17 புதிய நாடுகள் ஐ.நா.வில் சேர்ந்தன. அவற்றில் 16 ஆபிரிக்க நாடுகள். 1945இல் 51 ஆக இருந்த உறுப்பினர் தொகை 1963 முடிவில் 113 ஆகியிருந்தது. ஆசனம் மட்டும் அதே 11. இது நியாயமில்லை என்று ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒன்றாக நின்றன. 1963 டிசம்பர் 17ஆம் திகதி பொதுச் சபை வாக்கெடுப்புக்குப் போனது. ஆசனங்களை 15 ஆக்க வேண்டும். நிரந்தரமல்லாதவை ஆறிலிருந்து பத்தாகும். அந்தப் பத்தில் ஐந்து ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும்.

ஆதரவு 97, எதிர்ப்பு 11, வாக்களிக்காதோர் 4. நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஆதரித்தது தாய்வான் தரப்புச் சீனா ஒன்றுதான். சோவியத் யூனியனும் பிரான்சும் எதிர்த்தன. ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஒதுங்கி நின்றன. மக்கள் சீனத்துக்கு ஆசனம் கொடுக்காமல் சாசனத்தில் கைவைக்கக் கூடாது என்பது சோவியத் வாதம்.

விடயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் 108ஆம் உறுப்புரையின்படி சாசனத் திருத்தம் செல்லுபடியாக, உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அதை ஏற்று உறுதிப்படுத்த வேண்டும், அந்தக் கணக்கில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருக்க வேண்டும். ஒருவர் கையெழுத்திடாவிட்டாலும் திருத்தம் செத்துப்போகும். ஆனால் நடந்தது வேறு. 1965 செப்டெம்பர் 1ஆம் திகதிக்கு முன் உறுதிப்படுத்துங்கள் என்று பொதுச் சபை கேட்டிருந்தது. எதிர்த்தவர்களும் ஒதுங்கியவர்களும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டார்கள். ஐவரில் கடைசியாக வந்தது ஐக்கிய அமெரிக்கா. ஓகஸ்ட் 31ஆம் திகதி, தவணைக்கு முந்தின நாள். அன்றே திருத்தம் அமுலுக்கு வந்தது.

ஏன் மனம் மாறினார்கள்? என் விளக்கம் இதுதான். அந்தப் பனிப்போர் நாட்களில் புதிய நாடுகளைத் தன் பக்கம் இழுக்க இரு தரப்பும் போட்டி போட்டன. அவ்வளவு நாடுகளும் ஒரே குரலில் ஒன்றைக் கேட்கும்போது, அதைத் தட்டிவிட்டவன் என்ற பெயரைத் தனியாகச் சுமக்க ஒருவரும் தயாராக இல்லை. ஒருவர் கையெழுத்திட்டால் மற்றவருக்கு நெருக்கம் கூடியது. பெரியவர்களின் பெருந்தன்மையால் இது வரவில்லை. கேட்டவர்கள் பிரியாமல் நின்றதால் வந்தது.

கிடைத்ததைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. வீட்டோ அப்படியே இருந்தது. நிரந்தர ஆசனம் ஒன்றும் கூடவில்லை. ஆனால் கணக்கு மாறியது. முன்பு ஒரு தீர்மானத்துக்கு 11இல் 7 வாக்கு வேண்டும். இப்போது 15இல் 9. ஐந்து பெரியவர்களும் ஒன்றுபட்டாலும் தெரிவுசெய்யப்பட்டவர்களில் நால்வர் இல்லாமல் எதையும் நிறைவேற்ற முடியாது. அந்தப் பத்துப் பேரும் ஒன்றாக நின்றால், வீட்டோ விழாத பட்சத்தில், தாமே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றலாம்.

இதை வாசித்தபோதுதான் 2024 மார்ச் 25ஆம் திகதி நடந்ததன் பொருள் எனக்கு விளங்கியது. அது றமழான் மாதம். தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்தபோது செய்தி வந்துகொண்டிருந்தது. றமழானுக்கு உடனடிப் போர்நிறுத்தம், அது நீடித்த போர்நிறுத்தத்துக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆதரவு 14. ஐக்கிய அமெரிக்கா இந்த முறை வீட்டோவைத் தூக்காமல் ஒதுங்கிக்கொண்டது. கொண்டுவந்தவர்கள் தெரிவுசெய்யப்பட்ட பத்து உறுப்பினர்களும் சேர்ந்து. 1963இல் போராடி ஆறைப் பத்தாக்கியிராவிட்டால் அந்தப் பத்தும் இல்லை. அல்ஜீரியா உட்கார்ந்திருந்ததும் அன்று ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் ஒதுக்கிய இடமொன்றில்தான்.

ஆனால் குண்டுகள் நிற்கவில்லை. அந்த நோன்பு மாதம் அப்படியே கழிந்தது, பெருநாளும் வந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. இதை மறைத்துவிட்டு ஒரு வகுப்பில் போய் நிற்க என்னால் முடியாது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 1945இல் ஐந்து நாட்டுக்குக் கிட்டத்தட்ட ஓர் ஆசனம். 1963இல் பத்து நாட்டுக்கு ஒன்று, அதை அநியாயம் என்றார்கள். இன்று உறுப்பினர் 193, ஆசனம் 15. ஏறத்தாழ 13 நாட்டுக்கு ஒன்று. அன்று பொறுக்க முடியாததாக இருந்ததைவிட இன்றைய நிலை மோசம். ஆபிரிக்காவுக்கு ஒரு நிரந்தர ஆசனமும் இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு எதற்கும் இல்லை. இலங்கை 1961க்குப் பிறகு அந்தச் சபையில் அமரவே இல்லை.

முயற்சி இல்லாமலில்லை. 2005இல் ஜேர்மனி, ஜப்பான், இந்தியா, பிரேசில் நான்கும் நிரந்தர ஆசனம் கேட்டன. ஆபிரிக்க ஒன்றியம் வீட்டோவுடன் இரண்டு நிரந்தர ஆசனமும், ஐந்து நிரந்தரமல்லாத ஆசனமும் கேட்டது. இத்தாலியும் பாகிஸ்தானும் வேறு சிலவும் புதிய நிரந்தர ஆசனமே வேண்டாம் என்றன. 1963இல் ஒரே குரலாக நின்றவர்களின் வாரிசுகள் இன்று மூன்று குரலில் பேசுகிறார்கள். வீட்டோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

நடந்த சிறிய மாற்றங்களும் சிறியவர்களிடமிருந்தே வந்தன. 2022 ஏப்ரலில், யார் வீட்டோ பாவித்தாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதுபற்றி விவாதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதை முன்னின்று நடத்தியது லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாடு. 2024 செப்டெம்பர் 22ஆம் திகதி பொதுச் சபை 'எதிர்காலத்துக்கான உடன்படிக்கை'யை ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புச் சபையைச் சீர்திருத்த வேண்டும், ஆபிரிக்காவுக்கு இழைத்த வரலாற்று அநீதியைச் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. எப்போது என்ற திகதி இல்லை. தவணை போடாத வாக்குறுதிக்கு என்ன நடக்கும் என்பதை 109ஆம் உறுப்புரையில் கண்டோம். தவணை போட்டதால் என்ன நடந்தது என்பதை 1965 ஓகஸ்ட் 31இல் கண்டோம்.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறான். போன மாதம் நூலக வாசலில் கண்டபோது, "நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை மகன்" என்றேன். அவனுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த முறை எப்ப சேர்?" என்றான்.

எங்கட நாடுகள் ஒன்றாக நிற்கும்போது என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை அதிகம் இருக்கவில்லை. ஆனால் இந்த முறை கேள்வியைப் பரீட்சையைக் காட்டி நான் மூடவில்லை.