பெட்டிக்குள் ஒரு லாக் டேபிள்

போன வருடம் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை வந்தவன், ஏழு வாரம் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ‘கூடுதல் பரிசோதனை’ என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன சந்தேகம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம், தினமும் எதையாவது பொரித்துக்கொண்டிருந்தார். நான் தினமும் பத்து முறை ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரங்களில்தான் சியன் ஷுவேசென் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன்.

1935இல் சீனாவிலிருந்து உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர் சியன். அந்தப் பணமே ஒரு வினோதம். பாக்ஸர் கிளர்ச்சிக்காகச் சீனாவிடமிருந்து வாங்கிய இழப்பீட்டில் ஒரு பகுதியை, சீன மாணவர்களைப் படிக்கவைக்க அமெரிக்கா திருப்பிக் கொடுத்திருந்தது. எம்.ஐ.டி.யில் ஒரு வருடம், பிறகு கால்டெக். அங்கே அவருடைய வழிகாட்டி தியோடர் வான் கார்மன், ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். ராக்கெட் என்றாலே மற்றவர்கள் சிரித்த காலம் அது. வான் கார்மனின் மாணவர்கள் சிலர் அதைத் தொட்டார்கள். சோதனைகள் அவ்வளவு ஆபத்தானவை என்பதால் அவர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘தற்கொலைப் படை’. சியன் அந்தக் கும்பலின் கணக்குப்புலி. பின்னாளில் செவ்வாய்க்கு வண்டி அனுப்பிய ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி முளைத்தது அங்கிருந்துதான்.

1945இல் போர் முடிந்த கையோடு, அமெரிக்க ராணுவம் அவருக்குக் கர்னல் அந்தஸ்து கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே அவர் விசாரித்தவர்களில் ஒருவர், வி-2 ஏவுகணையைச் செய்த வெர்னர் வான் பிரவுன்.

1949இல் சியன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். மறுவருடமே எஃப்பிஐ கதவைத் தட்டியது. 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். ஆனாலும் ரகசிய ஆய்வுகளைத் தொடும் அனுமதி பறிபோனது. சரி, ஊருக்கே போகிறேன் என்று மூட்டை கட்டினார். அதையும் பிடித்துவைத்தார்கள். பெட்டிகளில் சங்கேதக் குறியீடு இருப்பதாகப் பேச்சு. பார்த்தால் லாக் டேபிள்! பிளஸ் டூவில் நாமெல்லாம் புரட்டியதுதான்.

இரண்டு வாரம் சிறை. பிறகு ஐந்து வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியைத் தாண்டக் கூடாது. ஒருபக்கம் நாடுகடத்த உத்தரவு, இன்னொருபக்கம் வெளியேறத் தடை. அந்தச் சூழலிலும் கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஒரு முக்கியமான புத்தகத்தை எழுதி 1954இல் வெளியிட்டார். 1955 செப்டம்பரில் சீனாவுடன் நடந்த பேச்சுவார்த்தையை ஒட்டிக் கப்பலேற்றினார்கள். அதே 1955 ஏப்ரலில் வான் பிரவுன் அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ்.ஸிலும் இருந்தவர், அவருடைய ஏவுகணைகளை உருவாக்கியவர்கள் வதைமுகாம் கைதிகள்.

மீதிக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். சீன ஏவுகணைத் திட்டத்தைச் சியன் கட்டியெழுப்பினார். 1970இல் சீனாவின் முதல் செயற்கைக்கோள் மேலே போனது. அமெரிக்கக் கடற்படைத் துறையில் உயர்பதவி வகித்த டான் கிம்பல், இந்த ஆள் எங்கே இருந்தாலும் ஐந்து ராணுவ டிவிஷன்களுக்குச் சமம், வெளியே விடுவதைவிடச் சுட்டுவிடலாம் என்று சொன்னாராம்.

முதல் தடவை வாசித்தபோது எனக்கு உள்ளூரக் குஷியாக இருந்தது. நல்லா வேணும் என்று தோன்றியது. ஆனால் யோசித்தால், கிம்பல் போட்ட கணக்கைத்தான் நாங்களும் போடுகிறோம். எத்தனை கம்பெனி ஆரம்பித்தோம், எவ்வளவு வரி கட்டினோம், ஆகவே எங்களை வைத்துக்கொள்ளுங்கள். திறமை என்பது தலைக்குள் இருக்கும் சரக்கு, தலை போகிற இடத்துக்கு அதுவும் போகும் என்கிற கணக்கு அது.

அது அப்படி மட்டும் இல்லை என்பதற்கும் சியனே சாட்சி. 1958இல், சீனாவின் ‘பெரும் பாய்ச்சல்’ காலத்தில், செடிமேல் விழும் சூரிய ஒளியைக் கணக்கிட்டு, விளைச்சலைப் பல மடங்கு பெருக்கலாம் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். பொய் விளைச்சல் கணக்குகள் குவிந்துகொண்டிருந்த நாட்டில் அதற்கு விஞ்ஞான முத்திரை கிடைத்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள். அது அவர் ஒருவரால் வந்ததில்லை. ஆனால் அதே மூளைதான், அதே கணிதம்தான். பாசடீனாவில் அப்படியொரு கணக்கைப் போட்டிருந்தால் பக்கத்து மேசைக்காரன் கரும்பலகையிலேயே அழித்திருப்பான்.

அமெரிக்கா ஒரு ஆளை இழந்தது என்று வரலாறு சொல்கிறது. அந்த ஆள் அந்த மேசையை இழந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பு நடந்தது ஹங்கேரியரும் சீனரும் உள்ளூர்ப் பையன்களும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்ட அறையில். 1950இல் அந்த அறையின் பாதியைச் சந்தேகம் காலி செய்தது.

எட்டாவது வாரம் பாஸ்போர்ட் வந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சேர்ந்து மூன்று மாதமே ஆன வியட்நாம் பெண் ஒருத்தி, நான் எழுதிய கோடில் ஒரு பெரிய தப்பைச் சுட்டிக்காட்டியிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் கடுப்பாகியிருப்பேன். அன்று நன்றி என்று எழுதிவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். அவளுடைய விசா அடுத்த மார்ச்சில் முடிகிறது.