முதல் பதினான்கு நாட்கள்: மனிதக் கருவை அறிந்த வரலாறு

முன்னுரை

கருவுற்ற சினைமுட்டை கருக்குழாயிலேயே பிளவுபடத் தொடங்குகிறது. மூன்று, நான்கு நாட்களில் உயிரணுத் திரளாகி, ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்த கோளமாகி, ஆறு அல்லது ஏழாம் நாள் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. இன்று பள்ளி மாணவரும் அறிந்த இச்செய்தி, மனிதக் கருக்களை நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். அந்த அறிவு யார் யாருடைய பங்களிப்பால் கிடைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முட்டையைத் தேடி

ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, மன்னர் முதலாம் சார்லஸின் வேட்டைக்காடுகளில் இணைசேர்ந்த பெண்மான்களை அறுத்துப் பார்த்தார். பல வாரங்கள்வரை கருப்பையில் எதுவும் தென்படவில்லை. ஆயினும் உயிர்கள் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று 1651இல் வெளியான நூலில் வாதிட்டார். 1677இல் டச்சு நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் விந்தணுவைக் கண்டார். பாலூட்டியின் முட்டையைக் காண மேலும் 150 ஆண்டுகள் ஆயின. 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர், நாயின் சூலக நுண்ணறைக்குள் தெரிந்த சிறு மஞ்சள் புள்ளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்; அதுவே முட்டை. விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுசேர்வதை 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் விளக்கினார்.

பாஸ்டன் ஆய்வுகள்

1914இல் பால்டிமோரில் பிராங்க்ளின் மால் தலைமையில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறை தொடங்கியது. முதல் எட்டு வார வளர்ச்சியை 23 நிலைகளாகப் பகுக்கும் இன்றைய முறைக்கு அங்குச் சேர்ந்த கருத்தொகுப்பே அடிப்படை. அங்கும் தொடக்க நாட்களின் மாதிரிகள் மிக அரிதாகவே இருந்தன.

அந்தக் குறையைப் போக்கியவர்கள் பாஸ்டன் மருத்துவர்கள் ஜான் ராக்கும் ஆர்தர் ஹெர்டிக்கும். 1938 முதல், கருப்பை நீக்க அறுவைக்கு வரவிருந்த பெண்களிடம் மாதவிலக்கு நாளையும் கணவருடன் கூடிய நாளையும் குறித்துவைக்கக் கேட்டனர். அந்தக் குறிப்புகள் கருவின் வயதைக் கணிக்க உதவின. சுமார் 210 பெண்கள் பங்கேற்றனர். பதினேழு நாட்களுக்கு உட்பட்ட 34 கருக்களின் விவரம் 1956இல் வெளியானது.

ராக்கின் ஆய்வுக்கூடத்தில் மிரியம் மென்கின், சினைமுட்டையைக் கண்ணாடிக் கலத்தில் விந்தணுவோடு சேர்க்க ஆறு ஆண்டுகள் முயன்றார். விந்தணுவை மும்முறை கழுவி முட்டையோடு அரைமணி நேரம் விடுவது அவர் வழக்கம். 1944 பிப்ரவரியில் ஒருமுறை மட்டும் கழுவி, செறிவைக் கூட்டி, ஒரு மணி நேரம் விட்டார். முட்டை இரண்டாகப் பிளந்தது. அந்த ஆண்டே ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது.

கலத்திலிருந்து சட்டத்துக்கு

பிரிட்டனில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரின் உழைப்பால் 1978 ஜூலை 25 அன்று, கலத்தில் கருவுற்ற முதல் குழந்தையாக லூயிஸ் பிரவுன் பிறந்தார். கலத்தில் கரு வளர்க்க முடிந்ததும் எல்லை எது என்ற கேள்வி எழுந்தது. 1984இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த வார்னாக் குழு, கலத்தில் கரு வளர்ப்பதற்குப் பதினான்கு நாட்களை வரம்பாகப் பரிந்துரைத்தது. உடலின் அச்சைக் குறிக்கும் முதற்கோடு தோன்றுவதும், கரு இரட்டையாகப் பிரியும் வாய்ப்பு முடிவதும் ஏறத்தாழ அப்போதுதான். 1990இல் பிரிட்டன் அதைச் சட்டமாக்கியது.

முடிவுரை

2010இல் நோபல் பரிசு எட்வர்ட்ஸுக்குக் கிடைத்தது. ஸ்டெப்டோவும் பர்டியும் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர். மென்கினைப் பாடநூல்கள் அரிதாகவே குறிப்பிடுகின்றன. பாஸ்டன் பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. தம் உடலையும் நாட்குறிப்பையும் தந்த அப்பெண்கள் இல்லாமல் முதல் இரண்டு வாரங்களின் அறிவு இல்லை. கருவியல் வரலாற்றை எழுதுவோர் அவர்களை ஆய்வுப் பொருளாகக் கருதாமல் ஆய்வின் பங்காளிகளாகப் பதிவுசெய்ய வேண்டும்.