பேரு ஒண்ணு... ஒயின் ரெண்டு! பாட்டில்ல கறுப்புச் சேவல் இருந்தா என்ன அர்த்தம் தெரியுமா?

இத்தாலி ரெட் ஒயின்னு சொன்னதும் பலருக்கும் முதல்ல ஞாபகத்துக்கு வர்ற பெயர் கியாந்தி. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சியாண்டி'னு படிச்சிடாதீங்க, இத்தாலியில 'கியாந்தி'ன்னுதான் சொல்வாங்க. ஆனா, கியாந்தி, கியாந்தி கிளாசிகோ இரண்டும் ஒரே ஒயின் இல்ல. வித்தியாசம் என்ன? பார்க்கலாம் வாங்க.

எந்த ஊர் ஒயின் இது?

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃபுளோரன்ஸ் - சியானா நகரங்களுக்கு இடையே இருக்கும் மலைப்பகுதிதான் கியாந்தி. 1716-லேயே மூன்றாம் கோசிமோ டி மெடிச்சி என்ற ஆட்சியாளர், எந்தப் பகுதி ஒயினுக்கு இந்தப் பெயர் வைக்கலாம் என்று எல்லை வகுத்து ஆணை போட்டார்.

அப்புறம் ஏன் குழப்பம்?

பெயருக்கு மவுசு கூடியதும் சுற்றுப்புற ஊர்களும் அதே பெயரில் ஒயின் விற்க ஆரம்பித்தன. இதைத் தடுக்க 1924-ல் 33 உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினர். அதன் சின்னம்தான் கறுப்புச் சேவல். ஆனா 1932-ல் அரசே எல்லையை விரித்து, சுற்றியிருந்த 6 பகுதிகளுக்கும் கியாந்தி பெயரைக் கொடுத்தது. பழைய பகுதிக்கு 'கிளாசிகோ' என்ற அடைமொழி மட்டும் மிஞ்சியது.

1967 விதிகள் இன்னும் சிக்கலாக்கின. ரெட் ஒயினாக இருந்தாலும் குறைந்தது 10% வெள்ளைத் திராட்சை கட்டாயம்! ஒயின் நீர்த்துப்போய், வைக்கோல் சுற்றிய மலிவு பாட்டில் என்ற பெயர்தான் கிடைத்தது. கடுப்பான ஆன்டினோரி குடும்பம், 1971 அறுவடையில் செய்த 'டின்யானெல்லோ' ஒயினை கியாந்தி என்ற பெயரே வேண்டாம்னு சாதாரண டேபிள் ஒயினாக விற்றது. 1996-ல்தான் கிளாசிகோவுக்குத் தனி விதிகள் கிடைத்தன.

இப்போ என்ன வித்தியாசம்?

* கியாந்தி: சாஞ்சோவேசே என்ற கறுந்திராட்சை குறைந்தது 70%. வெள்ளைத் திராட்சை 10% வரை சேர்க்கலாம்.
* கியாந்தி கிளாசிகோ: சாஞ்சோவேசே குறைந்தது 80%. 2006 அறுவடை முதல் வெள்ளைத் திராட்சைக்குத் தடை. பாட்டிலில் கறுப்புச் சேவல் இருக்கும்.

கிளாசிகோவிலும் மூணு வகை உண்டு. சாதாரண வகை 12 மாதம், ரிசெர்வா 24 மாதம், கிரான் செலெசியோனே 30 மாதம் பக்குவப்படுத்தப்பட வேண்டும்.

சுவை எப்படி இருக்கும்?

புளிப்புச் செர்ரி, வயலட் பூ வாசம், காய்ந்த மூலிகை, பழகப் பழகக் கொஞ்சம் தோல், புகையிலை வாசம். இனிப்பு கிடையாது. புளிப்பு தூக்கலா இருக்கும். பால் சேர்க்காத ஸ்ட்ராங் டீ குடிச்சா நாக்கு இழுக்கும்ல, அதே துவர்ப்பு இதிலும் உண்டு. அதுக்குக் காரணம் திராட்சைத் தோலில் உள்ள டானின்.

எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும்?

* தக்காளி சாஸ் பாஸ்தா, பீட்சா: தக்காளிப் புளிப்புக்கு முன்னால பல ஒயின்கள் சப்புன்னு ஆகிடும். கியாந்தியிலேயே புளிப்பு இருப்பதால் ஈடுகொடுக்கும்.
* பிஸ்டெக்கா: கரி நெருப்பில் சுட்ட ஃபுளோரன்ஸின் பெரிய மாட்டிறைச்சித் துண்டு. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும்.
* காட்டுப்பன்றிக் கறி பாஸ்தா: டஸ்கனி மலைக்கிராமங்களின் வழக்கமான ஜோடி. இதுக்கு ரிசெர்வா நல்லா இருக்கும்.
* பெக்கோரினோ: செம்மறி ஆட்டுப்பால் சீஸ். உப்பும் புளிப்பும் ஒத்துப்போகும்.

மிளகாய்க் காரம் அதிகமுள்ள உணவு மட்டும் வேண்டாம். ஆல்கஹாலும் டானினும் எரிச்சலைக் கூட்டிவிடும். ரெட் ஒயின் என்றாலும் 16-18 டிகிரி செல்சியஸில் பரிமாறுவதுதான் சரி.

சேவல் கதை என்ன?

எல்லைச் சண்டையை முடிக்க, சேவல் கூவியதும் இரு நகரங்களில் இருந்தும் ஒரு வீரர் கிளம்பணும், சந்திக்கும் இடமே எல்லைன்னு முடிவாச்சாம். சியானா தன் வெள்ளைச் சேவலுக்கு வயிறார இரை போட்டது. ஃபுளோரன்ஸ் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டது. பசியில் அது விடியும் முன்பே கூவ, ஃபுளோரன்ஸுக்குத்தான் நிலம் அதிகம் கிடைச்சதாம். இது செவிவழிக் கதைதான். ஆனா பெயருக்கு எல்லை முக்கியம்னு அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் நினைக்கிறாங்க.

*(கிளாசிகோவில் குறைந்தது 12% ஆல்கஹால் உண்டு. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். மது உடல்நலத்துக்குக் கேடு.)*